என் தரப்புச் சாட்சியிடம் கேட்ட கேள்வி

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், சங்கிலிப் பறிப்பு என்று யாராவது சொன்னால் என் வாயில் பழைய சட்டப் பிரிவு எண் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டுதான் வருகிறது. புதுச் சட்டம் வந்து எண்களெல்லாம் இடம் மாறிவிட்டன. கொலைக்கு ஒரு எண், மோசடிக்கு ஒரு எண் என்று ஊருக்கே மனப்பாடமாக இருந்தது எல்லாம் போயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை. பரீட்சை முடிந்த பிறகு பாடத்திட்டத்தை மாற்றினால் யாருக்கு நஷ்டம்?

போன மாதம் பெங்களூர் அடுகோடியில் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். என்னிடம் ஜூனியராக இருந்தவர்கள், இப்போது அவர்களே சீனியர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் அரசு வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி முகாம் நடக்கிறதாம், நான் வந்து பேச வேண்டுமாம்.

"செக்‌ஷன் நம்பர் பத்தி மட்டும் பேசாதீங்க மேடம். புள்ளைங்க ஏற்கெனவே குழம்பிப் போயிருக்காங்க."

"அப்புறம் எதப் பத்திப் பேசறது?"

"உங்களுக்கு மெமோ குடுத்தாங்களே, அந்தக் கேஸப் பத்தி."

போனேன், பேசினேன். மைக் பாதியில் நின்றுபோனது, டீ பாதியில் வந்தது. சொல்ல நினைத்ததில் பாதிதான் சொன்னேன். மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கோலார் தங்க வயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் மரம் கட்டும் வேலை செய்தவர். பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து சட்டம் படித்தேன். வீட்டில் எல்லோரும் என்னை பேங்க் பரீட்சை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தபோது அரசு உதவி வழக்கறிஞர் வேலை கிடைத்துவிட்டது. அம்மா எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைன் முழுக்க "எம் பொண்ணு கவர்மென்ட் வக்கீல்" என்று சொல்லிவைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் கவர்மென்ட் மேல் போட வேண்டிய புகார்! நான் கவர்மென்ட் பக்கத்து வக்கீல் என்று சொன்னதும் ஒரு பெரியவர் மிகுந்த அனுதாபத்தோடு, "பரவால்லம்மா, போகப் போக நல்ல வேலை கெடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் நாள் நீதிமன்றத்தில் பதற்றத்தில் எதிர்த்தரப்பு மேஜையில் போய் நின்றேன். மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மேடம், குற்றவாளிக்கு ஏற்கெனவே வக்கீல் இருக்கார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை ஓய்வு பெறும் நாள்வரை என் சகாக்கள் மறக்கவிடவில்லை.

சிரிக்கச் சிரிக்க நடந்த வழக்குகளும் உண்டு. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஓர் அபார்ட்மென்டில் மேல் வீட்டுக்காரர் காயப்போட்ட துணியிலிருந்து கீழ் வீட்டு பால்கனியில் தண்ணீர் சொட்டியது. அது வாய்ச்சண்டையாகிக் கைகலப்பாகி, ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி உடைந்தது, இன்னொருவருக்கு உதடு கிழிந்தது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் புகார் கொடுத்திருந்தார்கள். இருவரும் சாஃப்ட்வேர்க்காரர்கள். என்னிடமும் ஆங்கிலம், மாஜிஸ்திரேட்டிடமும் ஆங்கிலம், ஒருவரையொருவர் திட்டியதும் ஆங்கிலம். இது இருவரும் சமாதானமாகப் போகச் சட்டமே இடம் தருகிற வழக்கு. அதை எடுத்துச் சொன்னேன், இருவரும் முறைத்தார்கள். அப்புறம் வராந்தாவில் ஒருவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. "இன்னும் கூப்பிடலம்மா, நீ சாப்ட்டியா?" என்றார். மற்றவர் சட்டென்று திரும்பி, "நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார்.

"தென்காசி."

"நான் அம்பாசமுத்திரம்ங்க!"

மத்தியானம் இருவரும் சேர்ந்து சமாதான மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். தமிழில் திட்டியிருந்தால் வழக்கே வந்திருக்காது.

இப்போது என் மேலதிகாரி சிவலிங்கய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நீதிமன்ற வளாகத்தில் மூத்த அரசு வழக்கறிஞர். துமகூருக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேசமாட்டார். மே மாத வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார், கழுத்துப்பட்டைக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகியிருப்பார். அவர் குரல் மிகவும் மெல்லியது. அவர் வாதாடும்போது நீதிபதி முன்னால் குனிய வேண்டியிருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் அருகில் வர வேண்டியிருக்கும், அதனாலேயே எல்லோரும் அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வழக்கின் குற்றப்பத்திரிகையோடு போலீஸ் அதிகாரி யாராவது அவர் அறைக்கு வந்தால், "நீங்களே கொஞ்சம் சத்தமா படிங்க" என்பார். அவரும் படிப்பார். முதல் பக்கம் கம்பீரமாகப் போகும். மூன்றாம் பக்கம் வரும்போது, இருட்டில் நூறடி தூரத்தில் நின்றவன் சட்டைப் பித்தானின் நிறத்தைச் சாட்சி பார்த்ததாக எழுதிய இடத்தில் அவர் குரலே கம்மும். சிவலிங்கய்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அதிகாரியே, "சார், இத இன்னொரு தடவ விசாரிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்துவிடுவார். குரலை உயர்த்துவது கிடையாது, மறுத்துப் பேசுவது கிடையாது.

எங்கள் வேலையின் அதிகாரம் வெளியில் அவ்வளவாகத் தெரியாது. தண்டனை கொடுப்பவர் நீதிபதி, பிடிப்பவர் போலீஸ். ஆனால் சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் முதலில் என்ன கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர்தான். கேட்டது பதிவாகும். கேட்காதது, எதிர்த்தரப்பும் கேட்கத் தவறினால், உலகத்தில் நடக்காததுபோல் ஆகிவிடும். ரெஜினா டீச்சர் வழக்கில்தான் இது எனக்கு உடம்பில் உறைத்தது.

ரெஜினா டீச்சர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. அவரும் எங்கள் கோலார் தங்க வயல்தான். பிள்ளையோடு பெங்களூரின் தென்பக்கத்து லேஅவுட் ஒன்றில் இருந்தார். ஒரு நாள் காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பைக்கில் வந்தவன் கழுத்திலிருந்த கல்யாணச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். டீச்சர் கீழே விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது.

போலீஸார் பிடித்தது பசவராஜ் என்ற இளைஞனை. ராய்ச்சூர் பக்கம் சொந்த ஊர். மனைவியோடு ஹெப்பகோடியில் ஒற்றை அறையில் குடியிருந்து, வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தான். தெருக் கேமராவில் தெரிந்த பைக்கும் அவன் பைக்கும் ஒரே நிறம், அவன் அந்தப் பக்கம் அடிக்கடி வருகிறவன். சங்கிலி அவனிடம் கிடைக்கவில்லை, யாரோ முன்பின் தெரியாதவனிடம் விற்றுவிட்டான் என்று எழுதியிருந்தார்கள். மொத்த வழக்கும் ஒரே காலில் நின்றது. சிறையில், தாசில்தார் முன்னிலையில் நடந்த அடையாள அணிவகுப்பில் டீச்சர் அவனைச் சரியாகக் காட்டியிருந்தார். ஜாமீனுக்கு ஆள் நிறுத்த வழியில்லாமல் பசவராஜ் மாதக்கணக்காக உள்ளேயே இருந்தான்.

சாட்சி விசாரணை நாளன்று டீச்சரை நீதிமன்ற மாடிப்படி வளைவில் உட்காரவைத்துப் பேசினேன். சாட்சிகளுக்கென்று அங்கே தனி அறை கிடையாது. என் ஊரைச் சொன்னதும் டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஊருப் பொண்ணா நீ? அப்போ எனக்கு என்ன கவல? யாரு வருவாங்களோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"பயப்படாதீங்க டீச்சர். நடந்தத நடந்த மாதிரி சொன்னாப் போதும்."

"பயமெல்லாம் இல்லம்மா. ஜெயில்ல அத்தன பேர நிக்கவெச்சிருந்தாங்க, நான் போயி டக்குனு அவன்மேல கையவெச்சேன். தாசில்தாரே அசந்துட்டாரு! முன்னாடியே போன்ல போட்டோ காட்டியிருந்தாங்கல்ல, அதனால சந்தேகமே வரல."

கையிலிருந்த பேனா மூடியை நான் திருகிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

"யாரு காட்டினாங்க டீச்சர்?"

"ஸ்டேஷன்லருந்து வந்த போலீஸ்காரர். 'இவன்தாம்மா, நல்லா பாத்து மனசுல வெச்சுக்கங்க'ன்னாரு. பாவம், நல்ல மனுஷன்."

"சங்கிலிய அறுத்தப்போ ரோட்டுல அவன் முகத்தப் பாத்தீங்களா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ஹெல்மெட் போட்டிருந்தான். கண்ணாடி தூக்கியிருந்த மாதிரி... பாத்திருப்பேன்மா. பாக்காமலா இருப்பேன்?"

போட்டோவைப் பார்த்த பிறகு அந்தப் போட்டோவில் இருந்தவனை அடையாளம் காட்டுவது பெரிய விஷயமே இல்லை. அணிவகுப்பு நடத்துவதே, சாட்சி தெருவில் பார்த்த முகத்தைத் தன் நினைவிலிருந்து எடுக்கிறாரா என்று சோதிக்கத்தான். டீச்சர் பொய் சொல்லவில்லை. அவருடைய நினைவில் தெருவும் போட்டோவும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன.

பசவராஜுக்கு இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீல் நியமித்திருந்தார்கள். அவர் வழக்குக் கட்டை அன்று காலையில்தான் பிரித்தார் என்பது கட்டின் முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது. போட்டோ விஷயம் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியுமில்லை. நான் கேட்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு மனிதன் பல வருஷம் உள்ளே இருப்பான்.

சிவலிங்கய்யாவின் அறைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்து உதறி மறுபடியும் மடித்துச் செருகிக்கொண்டார்.

"கேளுன்னும் சொல்லமாட்டேன், கேட்காதேன்னும் சொல்லமாட்டேன்" என்றார் கன்னடத்தில். "இன்னிக்கு அந்தக் கோர்ட்ல அரசுக்காக நிக்கறது நீ, நான் இல்ல."

"அப்ப பின்னால பிரச்சினை வந்தா சார்?"

"நீ என்ன செஞ்சாலும் அறிக்கையில நான் கையெழுத்துப் போடுவேன். கேட்டாலும் போடுவேன், கேட்காட்டாலும் போடுவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கேட்காட்டா கை கொஞ்சம் நடுங்கும். வயசாகுதில்ல?"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மூச்சு சீரானது.

நீதிமன்றத்தில் டீச்சர் சாட்சிக் கூண்டில் ஏறினார். பெயர், வயது, ஊர், சம்பவம் எல்லாம் சுத்தமான கன்னடத்தில், வகுப்பு எடுப்பதுபோல் சொன்னார். மாஜிஸ்திரேட் ஒவ்வொரு பதிலையும் வாக்கியமாக்கிச் சொல்ல, தட்டச்சர் அடித்துக்கொண்டே வந்தார். சங்கிலியை அறுத்தவன் இங்கே இருக்கிறானா என்று கேட்டேன். டீச்சர் கை நீட்டிப் பசவராஜைக் காட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாசலருகே நின்ற, வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் நஞ்சப்பாவுக்கு முகத்தில் திருப்தி.

வழக்கமாக நான் அதோடு கேள்விகளை முடித்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சிறையில் அணிவகுப்புக்குப் போவதற்கு முன்னால், இவரை வேறு எங்கேயாவது, எந்த விதத்திலாவது பார்த்தீர்களா?"

"ஆமா, போட்டோவுல பார்த்தேன்."

"யார் காட்டினார்கள்?"

"போலீஸ்காரர். அவர் போன்ல."

"சம்பவத்தன்று அந்த ஆள் தலையில் என்ன இருந்தது?"

"ஹெல்மெட்."

தட்டச்சரின் விரல்கள் நின்றுவிட்டன. மாஜிஸ்திரேட் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேடம், இது உங்க சாட்சிதானே?"

"ஆமாம் சார்."

"எந்தப் பக்க மேஜையில நிக்கறீங்கன்னு ஒரு தடவ பாத்துக்கங்க."

"சரியான பக்கம்தான் சார் நிக்கறேன்."

அவர் தட்டச்சர் பக்கம் திரும்பினார். பிறகு மூன்று பதில்களையும் ஒரு வார்த்தை குறையாமல் பதிவு செய்யச் சொன்னார். குறுக்கு விசாரணைக்கு எழுந்த சட்ட உதவி வக்கீல், தன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கேள்வி ஒன்றுமில்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையிலேயே சிறந்த குறுக்கு விசாரணை அதுவாகத்தான் இருக்கும்.

வராந்தாவில் நஞ்சப்பா காத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்த வட்டாரத்தில் அடுத்தடுத்து சங்கிலிகள் போய், ஜனங்கள் ஸ்டேஷனை முற்றுகையிட்டிருந்தார்கள்.

"என்ன மேடம், நாங்க கட்டின வீட்ட நீங்களே இடிச்சிட்டீங்க."

"அஸ்திவாரம் இல்லாம கட்டியிருக்கீங்க சார். நாளைக்கு அப்பீல்ல தலைமேல விழுந்திருக்கும்."

"அவன் இல்லன்னா வேற யாரு மேடம்?"

"அதத்தான் சார் நான் உங்ககிட்ட கேக்கணும்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. டீச்சரைத்தான் தாங்க முடியவில்லை. படிக்கட்டில் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டச்சு நின்றதிலிருந்தே அவருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்திருந்தது.

"நம்ம ஊருப் பொண்ணுன்னு நம்பிச் சொன்னேனே. எனக்கு வக்கீலா வந்து எனக்கே இப்படிப் பண்ணிட்டியே."

"டீச்சர், நான் உங்க வக்கீல் இல்ல. அரசாங்கத்தோட வக்கீல்."

"அப்ப எனக்கு யாரு வக்கீல்?"

சட்டப் புத்தகத்தில் அதற்குச் சில பதில்கள் இருக்கின்றன. உடைந்த கையோடு படியிறங்கும் ஒருவரிடம் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

பசவராஜ் விடுதலையானான். தீர்ப்பைக் கேட்ட பிறகும் கூண்டிலிருந்து இறங்காமல் நின்றான். "போகலாமா?" என்று என்னிடம் கேட்டான், தன் வக்கீலிடம் அல்ல. "போப்பா" என்றேன். அவன் மனைவி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே நடந்து போனார்கள்.

சில வாரத்தில் எனக்கு மெமோ வந்தது. என் தரப்புச் சாட்சியை நானே பலவீனப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். எங்கள் வேலையில் இது ஒரு வேடிக்கை. ஒருவன் விடுதலையானால் ஏன் என்று கேட்பார்கள். தண்டனை கிடைத்தால் எப்படி என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேள்வி கேட்டதில் எனக்குக் கோபமில்லை. எங்களையும் யாராவது கேட்கத்தானே வேண்டும்? விளக்கம் எழுதினேன்: சாட்சி அறிந்திருந்ததை நீதிமன்றமும் அறியச் செய்தேன், அதுவே என் வேலை, இந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டுக்கு உகந்ததல்ல. சிவலிங்கய்யா கீழே கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை, நான் கவனித்தேன்.

நேரில் வரச் சொன்னார்கள். அவரும் கூட வந்தார். உயரதிகாரி என் மேல் ஒரு நீண்ட பிரசங்கத்தைத் தொடங்கினார். பொதுமக்களின் நம்பிக்கை, துறையின் கௌரவம், தண்டனை விகிதம். சிவலிங்கய்யா டீச்சருடைய சாட்சியத்தின் நகலை மேஜைமேல் வைத்தார்.

"சார், இதக் கொஞ்சம் சத்தமா படிக்க முடியுமா? கண்ணாடிய வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்."

கண்ணாடி அவர் கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் காலண்டரைப் பார்த்தேன். உயரதிகாரி படித்தார். சம்பவம் கம்பீரமாகப் போயிற்று. அணிவகுப்பு கொஞ்சம் மெதுவாகப் போயிற்று. "போட்டோவுல பார்த்தேன்" வந்ததும் குரல் தணிந்தது. "ஹெல்மெட்" என்ற சொல்லை அவர் ஏறக்குறைய முணுமுணுத்தார்.

"இனிமே ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

வெளியே வந்ததும், "எதுல சார் ஜாக்கிரதையா இருக்கணும்?" என்று கேட்டேன்.

"அவர் அத எழுதல. எழுதாதவரைக்கும் உன் இஷ்டம்" என்றார் சிவலிங்கய்யா. அன்று எனக்கு மசாலா தோசை வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்காவது வாங்கிக் கொடுத்ததாக அதற்கு முன் வளாகத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. நான் சொன்னபோது பலர் நம்பவுமில்லை.

'எனக்கு யாரு வக்கீல்' என்ற டீச்சரின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பசவராஜ் இல்லையென்றால், சங்கிலியை அறுத்தவன் வெளியே இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? வேறொருவன் செய்த குற்றமாக இருந்தால் விசாரணை அதோடு முடிந்துவிட வேண்டியதில்லை என்று காவல் நிலையத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினேன். வேறு வழக்குகளுக்காக நஞ்சப்பா வரும்போதெல்லாம் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை, "டீச்சர் சங்கிலி என்னாச்சு சார்?" கொஞ்ச நாளில் அவர் என்னைப் பார்த்தால் வேறு படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தார். நான் அந்தப் படிக்கட்டிலும் நின்றேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் அவரே தேடி வந்தார், சிரித்த முகமாக. சந்தாபுரா பக்கம் ஒரு கும்பலைப் பிடித்திருந்தார்கள். அதில் ஒருவன் வீட்டில், இன்னும் உருக்காத நகைகள் கொஞ்சம் கிடைத்தன. டீச்சர் புகாரில் சொன்னதுபோல் சின்னச் சிலுவை கோர்த்த சங்கிலி ஒன்றும் அதில் இருந்தது.

"இந்தத் தடவ யாருக்கும் எந்த போட்டோவும் காட்டல மேடம்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

அதேபோன்ற பல சங்கிலிகளோடு கலந்து வைத்து, டீச்சரை எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு சிலுவையாகத் திருப்பிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டாராம். வழக்கு மறுபடி எங்கள் நீதிமன்றத்துக்கே வந்தது. டீச்சர் மறுபடி கூண்டில் ஏறினார். என்னைப் பார்த்துத் தலையசைக்கவில்லை. என்மேல் கோபம் அப்படியே இருந்தது.

"இது உங்கள் சங்கிலி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"சிலுவையோட ஓரத்துல பல்லுத்தடம் இருக்கு. எம் பையன் கைக்குழந்தையா இருந்தப்போ கடிச்சது."

மாஜிஸ்திரேட் சங்கிலியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சரின் மகனையும் பார்த்தார். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், தலையில் பாதி வழுக்கை. "பற்களைச் சான்றுப்பொருளா குறிக்கணுமா மேடம்?" என்றார் என்னிடம்.

"பால்பல் சார். விழுந்திருக்கும்."

நீதிமன்றமே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, உடனே நான் இருப்பது நினைவு வந்து முகத்தை இறுக்கிக்கொண்டார்.

அப்புறம் நான் அந்தக் கேள்விக்கு வந்தேன். "சங்கிலியை அறுத்த ஆள் இங்கே இருக்கிறாரா?"

எதிரே குற்றவாளிக் கூண்டில் நின்றவனை டீச்சர் நேராகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தெரியாது. நான் முகத்தப் பார்க்கல. அன்னிக்கும் பார்க்கல."

மாஜிஸ்திரேட்டுக்கு ஆச்சரியம். "உங்க சங்கிலி இவர் வீட்லதான் கிடைச்சிருக்கு. அதுக்கப்புறமும் சொல்ல முடியலையா?"

"விடையைப் பார்த்துட்டு கணக்குப் போட்டா அது காப்பி அடிக்கறது சார். முப்பத்து நாலு வருஷம் பிள்ளைங்கள அதுக்காக பெஞ்ச்மேல நிக்கவெச்சவ நான். போன தடவ நானே செஞ்சிட்டேன். இந்தத் தடவ மாட்டேன்."

இந்த முறை தட்டச்சர் நிறுத்தவில்லை. மாஜிஸ்திரேட் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொல்லச் சொல்ல, முழுவதையும் அடித்தார்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வைத்திருந்ததற்காக அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அறுத்தவன் அவன்தான் என்பதை நிரூபிக்க முடியவில்லை. "அப்ப பாதி மார்க்தானா?" என்றார் டீச்சர் வராந்தாவில், அறுந்த சங்கிலியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே. "நிரூபிச்சுக் காட்ட முடிஞ்ச அளவுக்குத்தான் டீச்சர்" என்றேன். "சரிதான். வழிமுறை காட்டாத விடைக்கு நானும் முழு மார்க் போட்டதில்ல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் பையன் எங்க இருக்கான்னு தெரியுமா?" என்று கேட்டார்.

வழக்குகள் முழுவதும் முடிந்திருந்தன, நான் யாரைப் பார்க்கப் போவதற்கும் தடையில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டீச்சரும் நானும் பஸ் ஏறி ஹெப்பகோடிக்குப் போனோம். பழைய வேலையில் பசவராஜைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவனும் மனைவியும் ஒரு ஃபாக்டரி வாசலில் தள்ளுவண்டி போட்டு மிளகாய் பஜ்ஜியும் மசாலா பொரியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூண்டில் நிற்பதுபோல் கைகட்டி விறைத்து நின்றான். அவன் மனைவி முகத்தில் ரத்தமே இல்லை.

"கேஸ் எதுவும் இல்லப்பா, பஜ்ஜி சாப்பிட வந்தோம்" என்றேன் அவசரமாக.

வட்டாரத்தில் சங்கிலி ஏதாவது போனால் இன்னும் தன்னைத்தான் முதலில் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றான் அவன், குற்றம் சொல்வதுபோல் இல்லாமல், மழை பெய்கிறது என்பதுபோல். திங்கட்கிழமை காலையிலேயே நஞ்சப்பாவைப் பார்த்துப் பேசினேன், எழுத்திலும் கொடுத்தேன். பசவராஜ் பெயர் ஸ்டேஷனின் சந்தேக நபர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அது பிற்பாடு நடந்தது.

அன்று வண்டி ஓரத்து ஸ்டூலில் டீச்சர் உட்கார்ந்தார். பஜ்ஜித் தட்டு கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்: "தப்பு பண்ணிட்டேன்பா. பார்க்காதவனைப் பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

பசவராஜ் எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி அவனைப் பார்த்தாள். அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து டீச்சர் எதிரில் நின்றான்.

"இப்ப அடையாளம் தெரியுதாம்மா?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவனை நிமிர்ந்து பார்த்தார். நெற்றி, கண், காது, தாடை என்று நிதானமாக.

"இப்பத்தாம்பா உன்ன முதல் தடவையா பார்க்கறேன்" என்றார்.